மருந்து பாதி, வைக்கோல் பாதி
(தீனி மருந்துகளின் வரலாறு பற்றிய பண்ணை வானொலி உரை)



தானியம் தின்று கொழுத்த மாடுகளின் வயிற்றைக் காப்பாற்ற, அமெரிக்க நாட்டில் தீவனத்தோடு என்னென்ன மருந்துகளைக் கலந்தார்கள், அதில் எது நிலைத்தது, எது வினையாக முடிந்தது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

"அமெரிக்காக்காரன் மாட்டுக்கு எதைப் போட்டா நமக்கென்னங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்க, தைப் பொங்கல் முடிந்த மறுநாள் நம் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் கூட்டம் நிற்கிறது. பொங்கச் சோறு தின்ற மாடு படுத்துக்கொண்டது, கல்யாண வீட்டு மிச்சம் தின்ற ஆடு செத்துப்போனது என்று வருகிறார்கள். அமெரிக்கப் பட்டியில் மக்காச்சோளம் தின்று விழுந்த மாட்டுக்கும், நம் தொழுவத்தில் சோறு தின்று விழுந்த மாட்டுக்கும் வந்தது ஒரே நோய். அவர்கள் கோடி கோடியாகச் செலவழித்துக் கற்றுக்கொண்டதை நாம் காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாமே!

வயிற்றுக்குள் ஒரு ஊர்

மாட்டுக்கு வயிறு நான்கு அறை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதில் முதலாவது பெருவயிறு. பெரிய மாட்டுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். இடது விலாவுக்குப் பின்னால் கையை வைத்து அழுத்திப் பார்த்தால் மெதுவாகப் புரளுவது அதுதான். அந்த வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஒரு மில்லி லிட்டர் சாற்றில், அதாவது இருபது சொட்டில், ஆயிரம் கோடிக்கும் மேலே இருக்கும்.

புல்லையும் வைக்கோலையும் செரிக்க வைக்கிற சக்தி மாட்டுக்குச் சொந்தமாகக் கிடையாது. அந்த வேலையை இந்த நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. அவை நாரைப் புளிக்க வைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்களைப் பெருவயிற்றின் சுவர் உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கிறது. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. ஆகவே நாம் மாட்டுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் அதன் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களுக்குத்தான் முதலில் தீனி போடுகிறோம்.

வயிற்றில் அமிலம் சேர்ந்தால் புண்ணாகாதா? ஆகும். அதற்கு இயற்கை ஒரு மாற்று வைத்திருக்கிறது. அதுதான் உமிழ்நீர். மாடு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அதில் நம் வீட்டு ஆப்ப சோடாவில் உள்ள அதே உப்பு நிறைய இருக்கிறது. அது அமிலத்தை முறித்துவிடும். ஆனால் மாடு மென்றால்தான் உமிழ்நீர் ஊறும். வைக்கோலும் தட்டையும் தின்ற மாடு ஆறு, ஏழு மணி நேரம் அசை போடும். மாவாக அரைத்த தானியத்தை மெல்ல என்ன இருக்கிறது? நக்கி விழுங்கிவிடும். உமிழ்நீரும் வராது, அமிலமும் முறியாது. வரப்போகிற கதைக்கெல்லாம் வேர் இதில்தான் இருக்கிறது.

பட்டிகள் வந்த விதம்

அமெரிக்காவில் இறைச்சிக்காகவே மாடு வளர்ப்பது பழைய வழக்கம். முன்பெல்லாம் அவை பெரும்பாலும் மேய்ச்சலில் வளர்ந்தன. அயோவா, இல்லினாய் போன்ற மக்காச்சோளச் சீமைகளில் மட்டும் விவசாயி தன் சோளத்தைக் கொஞ்சம் மாடுகளுக்குப் போட்டுக் கொழுக்க வைத்து விற்பார். 1930-இல் கொலராடோ மாநிலத்தில் கிரீலி என்ற ஊரில் வாரன் மான்ஃபோர்ட் என்ற விவசாயி, மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியில் அடைத்து ஆண்டு முழுவதும் தீனி போட்டு வளர்க்க ஆரம்பித்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நிலைமையே மாறிவிட்டது. வீரிய ஒட்டு மக்காச்சோளமும் ரசாயன உரமும் பரவின. தானியம் மலையாகக் குவிந்தது. டெக்சாஸ், கான்சாஸ் பக்கம் நிலத்தடி நீரை இறைத்துச் சோளம் விளைவித்தார்கள். விளைந்ததை விற்க வழி வேண்டும் அல்லவா? மாட்டின் வாய்தான் வழி என்று கண்டார்கள். 1960-களின் முடிவுக்குள் ஒரே பட்டியில் ஒரு லட்சம் மாடுகள் அடைக்கிற அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்துவிட்டது.

அந்தப் பட்டியில் மாட்டுக்குக் கிடைப்பது என்ன? தீவனத்தில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு தானியமும் மற்ற அடர்தீவனமும்தான். நாலைந்து மாதம் இப்படிப் போட்டால் நாளுக்கு ஒன்றரைக் கிலோ கூடச் சதை வைக்கும். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் உள்ளே வேறு கதை நடந்துகொண்டிருந்தது.

ஈரலில் சீழ்

இறைச்சிக் கூடத்தில் மாட்டை அறுத்துப் பார்க்கிற மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தானியம் தின்று கொழுத்த மாடுகளில் பலவற்றின் ஈரலில் சீழ்க்கட்டிகள் இருந்தன. அதே மாடுகளின் பெருவயிற்றுச் சுவரில் புண்ணும் தழும்பும் இருந்தன. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1944-இல் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். 1954-இல் கொலராடோவில் ரூ ஜென்சன் என்ற கால்நடை மருத்துவரும் அவரது குழுவினரும் அதை உறுதி செய்தார்கள். அதாவது, அமிலம் பெருவயிற்றின் சுவரை அரித்துப் புண்ணாக்குகிறது. அந்தப் புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கி ஈரலில் போய்த் தங்குகிறது. மாடு நின்றுகொண்டுதான் இருக்கும், தின்றுகொண்டுதான் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வளர்ச்சி மட்டும் குறைந்துபோகும்.

அமிலம் எங்கிருந்து வந்தது? இதைத் தெளிவாக்கியவர் ராபர்ட் ஹங்கேட் என்ற நுண்ணுயிர் அறிஞர். பெருவயிற்று நுண்ணுயிர்களில் பெரிய வகைகளை 1843-லேயே பிரான்ஸ் நாட்டில் குரூபி, டெலாஃபோன் என்ற இருவர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். ஆனால் வயிற்றுக்குள் முக்கிய வேலை செய்கிற பாக்டீரியாக்களை வெளியே எடுத்து வளர்க்க முடியவில்லை. காற்றுப் பட்டாலே அவை செத்துவிடும். கரையானின் வயிற்றை ஆராய்ந்து பழகியவர் ஹங்கேட். கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை நீக்கி, கரியமில வாயுவை நிரப்பி, உள்ளே கூழ் போன்ற பொருளைச் சுழற்றி மெல்லிய பூச்சாகப் படிய வைத்து, அதில் இந்த நுண்ணுயிர்களை வளர்த்துக் காட்டினார்.

1952-இல் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செம்மறி ஆடுகளில் வந்த கடும் அஜீரணத்தை ஆராய்ந்து எழுதினார்கள். மாவுச்சத்து திடீரென்று அதிகமாகப் போனால் வயிற்றில் ஒரு குறிப்பிட்ட வகைக் கிருமி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்று பெயர், மளமளவென்று பெருகுகிறது. அது லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. பாலைப் புளித்த தயிராக்குகிற அதே அமிலம்தான். நாரைச் செரிக்கிற நல்ல நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் செத்துப்போகின்றன. புளிப்பு இன்னும் ஏறுகிறது. உடம்பில் உள்ள தண்ணீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. ரத்தம் கெட்டியாகிறது. ஆடோ மாடோ தள்ளாடி விழுகிறது. நம்ம ஊர்ப் பொங்கச் சோற்றிலும் நடப்பது அப்படியே இதுதான். வெந்த சோறு என்பதால் இன்னும் சீக்கிரம் புளிக்கும்.

இதிலிருந்து ஒரு பாடத்தை அப்போதே கற்றார்கள். தானியத்தை ஒரே நாளில் ஏற்றாதே. மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. நல்ல நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ள அவகாசம் கொடு. இது மருந்தில்லாத வைத்தியம். ஆனால் அவசரக்காரர்களுக்கு மருந்துதானே பிடிக்கிறது?

மருந்து மூட்டை

1950-இல் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் ஒரு சேதியை வெளியிட்டார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டால், அவை மற்றக் குஞ்சுகளைவிட வேகமாக வளர்ந்தன. வைட்டமின் கிடைக்கும் என்று போட்டுப் பார்த்தது. ஆனால் வளர்த்தது சக்கையில் ஒட்டியிருந்த மருந்து என்று தெரிந்தது. அவ்வளவுதான். கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினமும் தீனியில் ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கம் பிறந்தது.

1954-இல் இன்னொன்று வந்தது. டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோன். அயோவா கல்லூரியில் வைஸ் பரோஸ் என்பவர் அதை மாட்டுத் தீனியில் கலந்து காட்டினார். நாளுக்கு 10 மில்லிகிராம் போதும், மாடு வேகமாகச் சதை வைத்தது. பட்டிக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆனால் 1971-இல் மருத்துவர்கள் ஒரு கொடுமையைக் கண்டார்கள். கர்ப்ப காலத்தில் இதே மருந்தை மாத்திரையாக உட்கொண்ட தாய்மார்களின் பெண் பிள்ளைகளுக்கு, வளர்ந்தபின் ஓர் அபூர்வமான புற்றுநோய் வந்தது. மாட்டுக்கு அதைக் கொடுப்பதை அமெரிக்க அரசு 1979-இல் அடியோடு தடை செய்தது. இருபத்தைந்து ஆண்டு கழித்துத்தான் கதவைச் சாத்தினார்கள் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரல் சீழுக்கு டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் வந்தது. அதைத் தீனியில் கலந்தால் சீழ்க்கட்டி வரும் மாடுகளின் எண்ணிக்கை நூற்றுக்கு நாற்பது முதல் எழுபது பங்கு வரை குறைந்தது. நல்ல மருந்துதான். ஆனால் ஒன்று. சீழ்க்கட்டியைக் குறைத்ததே தவிர, வயிற்றைப் புண்ணாக்கிய தீனி மாறவில்லை. கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்த மாதிரிதான்.

மோனென்சின் வந்தது

இந்த வரிசையில் பெருவயிற்றையே நேராகத் தொட்ட மருந்து மோனென்சின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் இனத்து நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எலி லில்லி என்ற மருந்துக் கம்பெனி எடுத்தது. அதன் அமைப்பை 1967-இல் வெளியிட்டார்கள். 1971-இல் அது கோழிகளின் ரத்தக் கழிச்சலுக்கு மருந்தாக விற்பனைக்கு வந்தது. பிறகு மாட்டின் பெருவயிற்றில் அது என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். 1975 டிசம்பரில் பட்டி மாடுகளுக்குக் கொடுக்க அமெரிக்க அரசு அனுமதித்தது.

அது வேலை செய்கிற விதம் வேடிக்கையானது. சில வகை நுண்ணுயிர்களின் தோலில் அது பொத்தல் போட்ட மாதிரி ஆக்கிவிடும். வேண்டாத உப்பும் அமிலமும் உள்ளே கசியும். பொத்தல் தோணியில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பவன் எப்போது வலை வீசுவான்? அதுபோல அந்த நுண்ணுயிர் இறைத்து இறைத்தே ஓய்ந்துபோகும். புளிப்பை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இப்படி அடங்கியது. அந்தப் புளிப்பைத் தின்று தீர்க்கும் நல்ல வகைகள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன.

இன்னொரு லாபமும் இருந்தது. மாடு ஏப்பமாக வெளியே விடும் மீத்தேன் வாயு, தின்ற தீனியின் சக்தியில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு போகிறது. அடுப்பில் எரியும் விறகில் புகையாகப் போவது மாதிரி. மோனென்சின் அந்த விரயத்தைக் குறைத்தது. மாடும் ஒரே மூச்சில் வாரி விழுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தின்றது. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 1984-இல் ஒரு கணக்கு வெளியானது. மாடுகள் நூற்றுக்கு 6.4 பங்கு குறைவாகத் தின்றன. வளர்ச்சி குறையவில்லை, 1.6 பங்கு கூடியது. ஒரு டன் தீவனத்துக்குச் சுமார் 30 கிராம் மருந்தில் இவ்வளவு பலன்!

அப்படியானால் புளிப்பு நோய் ஒழிந்ததா? இல்லை. ஈரல் சீழ் நின்றதா? அதுவும் இல்லை. 1998-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை, பெரும்பாலான அமெரிக்கப் பட்டிகளில் நூற்றுக்கு 12 முதல் 32 மாடுகளின் ஈரலில் சீழ்க்கட்டி இருப்பதாகச் சொல்கிறது.  

ஓர் எச்சரிக்கை

மோனென்சின் மாட்டுக்கு மருந்து, குதிரைக்கு விஷம். குதிரையின் உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து. இதயத் தசையை அது கெடுத்துவிடும். மாடு அதைப்போல் பத்து மடங்கு தாங்கும். கலவை இயந்திரத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தால் குதிரைகள் இறந்த சம்பவங்கள் அந்நாடுகளில் உண்டு. இது நமக்கும் வேண்டிய சேதி. கோழித் தீவனத்தில் இந்த வகை மருந்துகளைக் கலப்பது நம் நாட்டிலும் வழக்கம். ஆகவே கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறதே என்று குதிரைக்கோ கழுதைக்கோ போடாதீங்க. மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூட வேண்டாம், அளவு மீறினால் அவையும் சாகும்.

மனிதனுக்கே வந்த வினை

தீனியில் தினமும் ஆன்டிபயாடிக் போட்டால் என்ன ஆகும்? சாகாத கிருமிகள் மிஞ்சும். அவை பெருகும். பிறகு மனிதனுக்கு அதே நோய் வந்தால் அதே மருந்து கேட்காது. 1969-இல் இங்கிலாந்தில் ஸ்வான் என்பவர் தலைமையிலான குழு இதை எடுத்துச் சொன்னது. மனித வைத்தியத்துக்கு வேண்டிய மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீனியில் கலக்கக் கூடாது என்றது. 1986-இல் சுவீடன் தடை செய்தது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பது நின்றது. மாட்டுக்கான மோனென்சினும் அதில் அடங்கியது. மோனென்சின் வகையை மனிதருக்கு மருந்தாகக் கொடுப்பதில்லை என்பதால் அமெரிக்கா அதை விட்டுவைத்தது. ஆனால் டைலோசின் போன்றவற்றைத் தீனியில் கலக்க 2017 முதல் அங்கேயும் கால்நடை மருத்துவரின் உத்தரவு வேண்டும். நம் நாட்டிலும் 2019-இல் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுப்பதை மத்திய அரசு தடை செய்தது. மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்துகளில் அது ஒன்று.

நமக்கு என்ன பாடம்?

எண்பது ஆண்டுக் கதையைக் கேட்டீர்கள். ஒவ்வொரு மருந்தும் ஒரு பங்கு உதவியது. எந்த மருந்தும் வைக்கோலின் வேலையைச் செய்யவில்லை. அத்தனை மருந்து கலக்கிற பட்டிக்காரர்கூட இன்றைக்கும் கொஞ்சம் நார்த்தீவனம் போடாமல் மாட்டை வைத்திருக்க முடியாது. தானியத்தைப் படிப்படியாக ஏற்றாமலும் முடியாது.

நம் கறவை மாட்டுக்கும் இதுதான் சட்டம். முதலில் வைக்கோலோ தட்டையோ புல்லோ போடுங்கள், பிறகு அடர்தீவனம் வையுங்கள். பால் கூட வேண்டுமென்று ஒரே வேளையில் மாவை வாளி வாளியாகக் கொட்டாதீர்கள். மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தீவனத்தை மாற்றுவதானால் இரண்டு, மூன்று வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். தானியத்தை நைஸ் மாவாக அரைக்காமல் குருணையாக உடையுங்கள். வயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மத்தியானம் தொழுவத்தைப் பாருங்கள். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருந்தால் கவலையில்லை.

மாட்டுப் பொங்கலன்று ஒரு பிடி பொங்கலை வாயில் ஊட்டுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்டா நிறைய வைக்காதீர்கள். அரிசி, நெல், சோளம் இருக்கும் அறையைப் பூட்டி வையுங்கள். கட்டு அவிழ்ந்த மாடு ஒரே ராத்திரியில் மூட்டையைக் காலி செய்துவிடும்.

அப்படித் தின்றுவிட்டால் நோய்க்குறி வரும்வரை காத்திருக்காதீர்கள். அசை போடுவது நிற்பது, வயிறு கனத்து உப்புவது, புளித்த நாற்றத்தோடு தண்ணீராகச் சாணம் போடுவது, தள்ளாடுவது, இவை எல்லாம் பிறகு வருகிறவை. உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மீதித் தானியத்தை எடுத்துவிட்டுக் காய்ந்த வைக்கோலைப் போடுங்கள். ஆப்ப சோடா கொடுப்பதும் மருத்துவர் சொல்லும் அளவில்தான். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

கடையில் "இதைக் கலந்தா பால் பொங்கும், உடம்பு ஏறும்" என்று யாராவது ஒரு பொட்டலத்தை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் என்ன மருந்து இருக்கிறது? எந்தப் பிராணிக்கு எவ்வளவு? கொடுத்தபின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது? மூன்றுக்கும் பொட்டலத்தின் மேலேயே பதில் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு ஒரு கட்டுத் தட்டை வாங்கிப் போடுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றார்கள் நம் பெரியவர்கள். அது மாட்டின் வயிற்றுக்கும் பொருந்தும்.